மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு எங்கே போவது? சட்டப்படி, திட்டு வாங்காமல்

காயில்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டிடெக்டர் வாங்கி ஆறு வாரம் ஆகிறது. அதில் ஐந்து வாரமாக அது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு பொதுப் பூங்காவுக்குப் போனேன். ஆள் நடமாட்டமே இல்லை. வாசல் பலகையில் நாய், பந்து, சைக்கிள், நெருப்பு என்று வரிசையாகத் தடை எழுதியிருந்தது. டிடெக்டர் பற்றி ஒரு வரி இல்லை. எழுதாததெல்லாம் அனுமதி என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நாற்பது நிமிடத்தில் மூன்று குழி. கிடைத்தது இரண்டு பாட்டில் மூடி, குளிர்பான டின்னின் இழுப்பு வளையம் ஒன்று. மூன்றாவது குழியில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு செருமல். காவலாளி. அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "என்ன சார் தொலைச்சீங்க? நானும் தேடட்டுமா?" என்று கேட்டார். "ஒன்றும் தொலைக்கவில்லை" என்று உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

பெயர், முகவரி எழுதி வாங்கிக்கொண்டார். குழிகளை மூடச் சொன்னார். தோண்டிய மண்ணைப் புல்லிலேயே கொட்டியிருந்தேன்; பாதி புல்லுக்குள் இறங்கிவிட்டது, திரும்பப் போட்டால் குழி நிறையவில்லை. வெட்டி எடுத்த புல்பத்தையும் உள்ளே பொருந்தவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி மூன்று இடம். போகும்போது அவர் சொன்னது: "கருவி எதுவா இருந்தாலும் சரி, இங்க மண்ணைத் தோண்டுறதே தப்பு. பலகையில 'தரையைச் சேதப்படுத்தக் கூடாது'ன்னு இருக்கே, அதைப் படிக்கலையா?" படித்தேன். அது எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

இனிமேல் முறைப்படி செய்ய ஆசை. ஆனால் வேலை காரணமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாடு மாறுகிறேன். அதனால் "இந்த ஊரில் இந்தப் பூங்காவுக்குப் போ" என்பது எனக்கு உதவாது. எங்கே போனாலும் சட்டப்படியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தனியார் நிலம் என்றால் முன்பின் தெரியாதவரிடம் போய் எப்படிக் கேட்பது? கடற்கரை எல்லோருக்கும் பொது என்கிறார்களே, நிஜமா? அப்புறம், ஒருவேளை உண்மையிலேயே பழைய பொருள் கிடைத்துவிட்டால்?

---

சும்மாவந்தவன் எழுதியது:

ரொம்ப யோசிக்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் போங்கள், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

---

ஆணிச்சாக்கு எழுதியது:

மேலே உள்ளவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் போகிறவர்களுக்கு இங்கிலாந்தில் பெயரே வைத்திருக்கிறார்கள்: நைட்ஹாக். பெயர் நன்றாக இருக்கிறது, தொழில் திருட்டு.

பகலில் போனாலும் மறைத்தால் அதே கதிதான். 2015இல் அங்கே ஹியர்ஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே இரண்டு பேருக்கு வைகிங் காலப் புதையல் அகப்பட்டது. தங்க மோதிரம், கைக்காப்பு, தங்கப் பட்டைக்குள் பிடித்த படிக உருண்டை, கூடவே முந்நூறு போல வெள்ளிக் காசுகள். நிலத்துக்காரரிடம் வாய் திறக்கவில்லை. காசுகளைச் சத்தமில்லாமல் விற்கப் பார்த்தார்கள். 2019இல் ஒருவருக்குப் பத்து வருடம், இன்னொருவருக்கு எட்டரை வருடம் சிறை. மேல்முறையீட்டில் கொஞ்சம் குறைந்தது. காசுகளில் பெரும்பகுதி இன்றுவரை திரும்ப வரவில்லை. முறையாகச் சொல்லியிருந்தால் சன்மானத்தில் பெரிய பங்கு வந்திருக்கும், அதுதான் கொடுமை.

இப்போது காயில்காரன் தம்பிக்கு. நான் பதினாறு வருடமாக இந்த வேலையாக அலைகிறேன். பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு அதிகம் கிடைத்தது ஆணிதான். ஒரு சாக்கு நிறைய வைத்திருக்கிறேன், பெருமையாக.

நீ செய்த தப்பு பூங்காவுக்குப் போனது இல்லை. "யாருடைய இடம்" என்று கேட்காமல் "என்ன இடம்" என்று பார்த்தாய். புதிதாக வருகிற எல்லோரும் இடத்தைத் தேடுகிறார்கள்: பழைய மைதானம், பழைய சாலை, இடிந்த வீடு. ஆனால் சொந்தக்காரர் இல்லாத மண் என்று ஒன்று கிடையவே கிடையாது. தரிசாகக் கிடந்தாலும் ஒருவர் பெயரில் இருக்கும். யார் பெயரிலும் இல்லை என்றால் அரசு பெயரில் இருக்கும். அதனால் ஆளைத் தேடு. ஆள் கிடைத்தால் இடம் தானாக வரும்.

எப்படிக் கேட்பது என்றாய். நான் எப்படிக் கேட்டுத் தோற்றேன் என்று சொல்கிறேன், அதில்தான் பாடம் இருக்கிறது.

முதல் வருடம் அறுவடை முடிந்த சமயம் பார்த்து வரிசையாக விவசாயிகளைப் போய்ப் பார்த்தேன். தோளில் டிடெக்டர், கையில் மண்வாரி, தலையில் ஹெட்ஃபோன். யோசித்துப் பார், அப்படி ஒருவன் உன் வீட்டு வாசலில் வந்து நின்றால் நீ என்ன நினைப்பாய்? ஏழு பேர் முடியாது என்றார்கள். அதில் ஒருவர் கதவையே திறக்கவில்லை, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். வா என்கிறாரோ என்று நான் இரண்டடி முன்னால் வேறு போனேன்.

எட்டாவது ஆளிடம் வெறுங்கையோடு போனேன். நல்ல எண்ணத்தில் இல்லை, அன்று கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது, வண்டியிலேயே வைத்துவிட்டேன். அவர் வயல் ஓரத்தில் குனிந்து எதையோ காலால் தடவிக்கொண்டிருந்தார். டிராக்டரோடு கலப்பையைக் கோர்க்கிற இரும்பு முளை எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அது மண்ணுக்குள் கிடந்து அடுத்த முறை அறுவடை இயந்திரத்தின் பல்லில் மாட்டினால் செலவு கொஞ்சநஞ்சம் இல்லை. "என்னிடம் ஒரு கருவி இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுதான்.

மறுநாள் ஒன்றரை மணி நேரம். டிராக்டர் திரும்பிய தடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, காயிலை, அதாவது கருவியின் அடியில் இருக்கும் தட்டை, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வைத்து, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறும்படி மெதுவாகப் போனேன். வழக்கமாக இரும்பை ஒதுக்கும்படி கருவியை அமைத்திருப்போம்; அன்று இரும்புதான் வேண்டும், அதனால் எதையும் ஒதுக்கவில்லை. விளைவு, ஒவ்வொரு ஆணிக்கும் உறுமல். நாற்பது ஆணி எடுத்த பிறகு வரப்பு ஓரம் ஒரு இடத்தில் உறுமல் நிற்கவே இல்லை, காயிலைத் தூக்கினாலும் கேட்டது. கைக்கு அடங்காத முளை, நாலு விரல் ஆழத்தில். அதை அவர் கையில் கொடுத்தேன். ஆணிகளைப் பார்த்தார், முளையைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி, "அந்த வேலிக்கு அந்தப் பக்கமும் நம்முடையதுதான்" என்றார். இன்றைக்கும் அங்கே போகிறேன்.

இது எனக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதே. 1992இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் ஹாக்ஸன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித்தரச் சொல்லி நண்பரைக் கூப்பிட்டார். நண்பர் டிடெக்டரோடு வந்தார்; வெள்ளிக் கரண்டிகளும் காசுகளுமாக வர ஆரம்பித்ததும் மேலே தோண்டாமல் நிறுத்தி, நிலத்தின் உரிமையாளருக்கும் போலீசுக்கும் சொல்லிவிட்டார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி எடுத்தார்கள். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமானியக் காசுகள், தங்கச் சங்கிலிகள். எல்லாம் ஒரே மரப்பெட்டியில் வைத்துப் புதைத்தவை. என்ன எப்படி அடுக்கியிருந்தது என்பதுகூட இன்று தெரிகிறது, ஏனென்றால் அந்த மனிதர் ஆசைப்பட்டுக் கையை விட்டுக் கலைக்கவில்லை. சன்மானம் 17.5 லட்சம் பவுண்ட். அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கதையில் இன்னொன்றைக் கவனி. உழுதவர் குத்தகைக்காரர், நிலம் உள்ளாட்சிக்குச் சொந்தம். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உழுகிறவர் தலையாட்டினால் போதாது, உடையவரும் சம்மதிக்க வேண்டும். இரண்டு பேரிடமும் கேள். கேட்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. எந்தெந்த வயல், எந்த மாதங்கள், விலைபோகிற பொருள் கிடைத்தால் யாருக்கு எவ்வளவு. அரைப் பக்கம் போதும். பொருள் கிடைப்பதற்கு முன்னால் எல்லோரும் நல்லவர்கள், அதனால் முன்னாலேயே எழுதிவிடு.

குழி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் பல் விழுந்த வாய் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. புல்தரையில் வட்டமாக வெட்டாதே. மூன்று பக்கம் மட்டும் வெட்டு, நான்காவது பக்கம் கதவின் கீல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கட்டும். புல்லைப் புரட்டிப் படுக்கவை. பக்கத்தில் ஒரு துணியை விரித்து மண் முழுவதையும் அதன் மேல் போடு. பொருளை எடுத்ததும் துணியைத் தூக்கிக் குழிக்குள் கவிழ், புல்கதவை மூடு, காலால் அழுத்து. இரண்டு வாரம் கழித்து உனக்கே இடம் தெரியக் கூடாது. மழையில்லாத வெயில் காலத்தில் புல்தரையைத் தொடவே தொடாதே. எப்படி வெட்டினாலும் வேர் காய்ந்துவிடும்.

கடற்கரை பற்றி அலைவிரல் அக்கா சொல்லட்டும். எனக்கு மணல் ஆகாது.

---

அலைவிரல் எழுதியது:

கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன். ஆணிச்சாக்கு எப்போதும் போல மணலை மட்டமாகப் பேசிவிட்டுப் போகிறார். என்னைக் கேட்டால் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மணல்தான் நல்லது. வெட்டிய புல்லைத் திரும்பப் பொருத்தும் தலைவலி இல்லை, மண்வாரிக்குப் பதில் ஓட்டை போட்ட கரண்டி போதும், தினமும் ஆட்கள் புதிதாகத் தொலைக்கிறார்கள்.

ஆனால் தம்பி, "எல்லோருக்கும் பொது" என்பது நடக்கவும் குளிக்கவும்தான். கடற்கரைக்கும் சொந்தக்காரர் உண்டு, பெரும்பாலும் ஒருவர் இல்லை. பல நாடுகளில் அலை ஏறி இறங்கும் ஈரப் பகுதி அரசுடையது. அதற்கு மேலே உள்ள காய்ந்த மணல் நகராட்சியுடையதாகவோ, தனியாருடையதாகவோ இருக்கும். பறவை முட்டையிடும் பருவத்தில் மூடிவிடும் கரைகள் உண்டு, ராணுவத்தின் கரைகள் உண்டு. நான் புதிய இடத்துக்குப் போனால் முதலில் உள்ளாட்சி அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதுவேன்: "இந்தக் கரையில் இங்கிருந்து இங்கே வரை, கையால் பிடிக்கும் டிடெக்டர் பயன்படுத்தலாமா? தேவைப்படும் உரிமம் எது?" அவ்வளவுதான். பதில் வந்தால் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்வேன். இரண்டு முறை அந்தத் தாள் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. மூன்றாவது முறை தாளைக் கேட்ட காவலர் படித்துவிட்டு, தன் சாவியைத் தேடித்தரச் சொன்னார்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றியதும் படி இறங்கினால் வெறும் சேறும் கல்லும்தான். ஆனால் அங்கே லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எதையும் தேடவே கூடாது. டிடெக்டர் வேண்டாம், கண்ணால் பார்த்துப் பொறுக்குவதற்கும் சீட்டு வேண்டும். திறந்து கிடக்கிறது என்பதற்கும் அனுமதி இருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

உடைந்த கப்பலின் பாகம் மாதிரி எதுவும் ஒதுங்கியிருந்தால் அதற்குத் தனிச் சட்டம். பிரிட்டனில் அதை எடுத்தவர் 28 நாளுக்குள் கப்பற்சிதைவுப் பொருள்களுக்கான அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் கிட்டத்தட்ட இப்படி ஏதாவது இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டா, குண்டு மாதிரி துருப்பிடித்த எதையும் தொடாதீர்கள். அடையாளம் வைத்துவிட்டு விலகி நின்று போலீசைக் கூப்பிடுங்கள். "வெடிக்காது, பழசு" என்று தட்டிப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழசுதான் பயம்.

கருவி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஈர மணலில் உப்பு மின்சாரத்தைக் கடத்தும், அதனால் சாதாரணக் கருவி சும்மாவே கத்திக்கொண்டிருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், உணர்திறனைக் குறையுங்கள், கடற்கரைக்கான அமைப்பு இருந்தால் அதில் வையுங்கள். முதலில் துண்டு விரித்துப் படுக்கும் காய்ந்த மணலில் பழகுங்கள். அப்புறம், இழுப்பு வளையம் போன்ற சத்தம் வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். மெல்லிய தங்க மோதிரமும் அதே சத்தம்தான் தரும். நான் இருநூறு வளையம் எடுத்த பிறகு ஒரு மோதிரம் எடுத்தேன். உள்பக்கம் தேதியும் இரண்டு எழுத்தும் பொறித்திருந்தது, அதைத் தொலைத்தவரைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. கிடைத்தது எல்லாம் எடுத்தவருக்கே என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்வதில்லை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பிரிவு144 எழுதியது:

ஆணிச்சாக்கு அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். ஆள் கிடைத்தால் இடம் கிடைத்தது என்பது எல்லா நாட்டிலும் செல்லாது. உரிமையாளர் மனமார அனுமதித்தாலும் சட்டம் அனுமதிக்காத நாடுகள் இருக்கின்றன. நாடு மாறிக்கொண்டே இருக்கும் உங்களுக்கு இதுதான் முதல் ஆபத்து, ஏனென்றால் போன நாட்டின் பழக்கத்தோடு புதிய நாட்டில் இறங்குவீர்கள்.

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். இங்கிலாந்தில் நிலத்துக்காரர் சரி என்றால், அது பாதுகாக்கப்பட்ட தொல்லிடமாக இல்லாவிட்டால், தேடலாம். தொல்லிடத்தில் என்றால் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாக எழுத்து அனுமதி வேண்டும், நிலம் உங்கள் தாத்தாவுடையதாக இருந்தாலும். பக்கத்திலேயே அயர்லாந்து குடியரசு. அங்கே தொல்பொருள் தேடுவதற்காக டிடெக்டரைப் பயன்படுத்த, எந்த நிலமானாலும், அரசின் அனுமதி வேண்டும். 1987இலிருந்து இந்த விதி. பிரான்சில் வரலாற்றுப் பொருள் தேடுவதற்கு அரசு நிர்வாகியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். நெதர்லாந்தில் 2016இலிருந்து 30 சென்டிமீட்டர் ஆழம் வரை தோண்ட விதிவிலக்குக் கொடுத்திருக்கிறார்கள், அங்கேயும் பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாது, உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். டென்மார்க்கில் தேடலாம், ஆனால் முக்கியமான பழம்பொருள் அரசுக்குப் போய்விடும், எடுத்தவருக்குச் சன்மானம்.

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களில் பயன்படுத்துவது மட்டுமில்லை, கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். கழற்றி, பயன்படுத்த முடியாதபடி கட்டி வைத்திருந்தால்தான் தப்பலாம். மாநிலப் பூங்காக்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கூட்டரசின் நிலங்களில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாமல் எடுப்பதைத் தடுக்க 1979இல் தனிச் சட்டமே வந்தது.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய், எழுத்துப்பிழை இல்லை. தெரிவிக்காமல் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. பொருள் நூறு வருடம் பழையது என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் வளாகத்தில் தோண்டுவதைப் பற்றிக் கனவிலும் நினைக்காதீர்கள்.

கிடைத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் நாடுதான் பதில். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல் வகையில் வரும் பொருளை 14 நாளுக்குள் கரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். புதையலாக இல்லாத சின்னப் பொருள்களையும் பதிவு செய்துகொள்ள ஒரு தன்னார்வத் திட்டம் 1997இல் தொடங்கியது. அதன் தரவுத்தளத்தில் இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். அதே தீவில் ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டால் சட்டம் வேறு, அங்கே பழம்பொருள் எதுவானாலும் தெரிவித்தாக வேண்டும்.

நான் செய்வது இதுதான். புது நாட்டில் கருவியை வெளியே எடுப்பதற்கு முன், அந்த நாட்டுத் தொல்லியல் துறையின் தளத்தில் பாதுகாக்கப்பட்ட இடங்களின் வரைபடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் அங்கே உள்ள டிடெக்டர் சங்கம் ஒன்றில் சேருவேன். சங்கம் ஏற்கெனவே அனுமதி வாங்கிய நிலத்துக்கு எல்லோரையும் அழைத்துப் போகும், பல சங்கங்களில் பொறுப்புக் காப்பீடும் கிடைக்கும். சங்கமே இல்லாத நாடு என்றால், பெரும்பாலும் அதுவே பதில்.

---

ஆணிச்சாக்கு எழுதியது:

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் ஒரே நாட்டில் கிடந்துவிட்டேன், அதனால் வந்த வினை.

ஒன்று விட்டுப்போனது. பழைய வரைபடங்களைப் பார், தம்பி. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பிரிட்டனின் பழைய நில அளவை வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து மங்கலாக்கிப் பார்க்கலாம், செலவு இல்லை. இன்று வெறும் வயலாக இருக்கும் இடத்தில் அன்று ஒரு ஒற்றையடிப் பாதையோ வண்டி நிற்கும் இடமோ இருந்திருக்கும். அதை வைத்து யாரிடம் கேட்பது என்று முடிவு செய். "உங்கள் வயலின் இந்த மூலையில் முன்பு ஒரு பாதை போயிருக்கிறது, தெரியுமா?" என்று வரைபடத்தைக் காட்டிப் பேச்சை ஆரம்பித்தால் பத்தில் ஆறு பேர் கண்ணாடியைத் தேடுவார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டவர் மறுப்பது அபூர்வம்.

---

காயில்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பூங்கா நிர்வாகத்துக்கு அலைவிரல் அக்கா சொன்ன மாதிரி இரண்டு வரி எழுதினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது: முடியாது, விதி இன்னது. நேராகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கடைசி வரியில், குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டியில் கூர்மையான உலோகம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் தேவைப்படுகிறது, விருப்பமிருந்தால் தெரிவிக்கவும் என்று இருந்தது. தெரிவித்திருக்கிறேன். அங்கே அதே காவலாளிதான் இருப்பார் என்று நினைக்கும்போதுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பிரிவு144 சொன்னபடி இந்த நாட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். உரிமையாளர் அனுமதி, பாதுகாக்கப்பட்ட இடம் கூடாது, பழம்பொருளைத் தெரிவிக்க வேண்டும். மூச்சு வந்தது.

அப்புறம் ஆணிச்சாக்கு அண்ணனின் வழி. வெறுங்கையோடு பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய், "ஐயா, உங்கள் தோட்டத்தில் ஏதாவது இரும்புச் சாமான் தொலைந்திருக்கிறதா?" என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தம் கொடுத்தார்: "தண்ணீர்க் குழாய் வால்வின் மூடியைக் கேளுங்களேன்!" எட்டு வருடத்துக்கு முன் புல்தரை போட்டபோது அந்த இரும்பு மூடியும் சேர்ந்து மூடிவிட்டதாம். குழாய் உடைந்தால் தண்ணீரை நிறுத்த வழியே இல்லை என்று அந்த அம்மா எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலில் குழாய், மின்கம்பி எல்லாம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டேன். மூன்று பக்கம் வெட்டினேன், துணி விரித்தேன். முதல் குழி பாட்டில் மூடி. இரண்டாவது இன்னொரு பாட்டில் மூடி. மூன்றாவது இடத்தில் அண்ணன் சொன்ன மாதிரி காயிலைத் தூக்கினாலும் சத்தம் நிற்கவில்லை. ஒரு சாண் ஆழத்தில் வட்டமான இரும்பு மூடி, விளிம்பில் துரு, நடுவில் எழுத்துகள் அப்படியே தெரிந்தன. பெரியவர் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான், இதேதான்" என்று மனைவியைப் பார்த்து ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை.

புல்கதவு இந்த முறை ஒழுங்காக மூடியது. கொஞ்சம் மேடாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சந்தேகம். பெரியவரின் தம்பிக்கு ஆற்றோரம் நிலம் இருக்கிறதாம், அடுத்த வாரம் என்னை அழைத்துப் போகிறேன் என்கிறார். நிலம் மூன்று அண்ணன் தம்பிகளின் பெயரில் கூட்டாக இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. ஒருவர் வெளிநாட்டில். அரைப் பக்கத் தாளில் மூன்று கையெழுத்தும் வேண்டுமா, அண்ணா?

---

ஆணிச்சாக்கு எழுதியது:

மூன்றும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரிடம் மின்னஞ்சலில் வாங்கு, அதையும் அச்செடுத்து வை. ஆற்றோரம் என்றால் கரை எதுவரை அவர்களுடையது என்று பத்திரத்தில் பார்க்கச் சொல். அப்புறம், மேடாக இருக்கிற இடத்தை இன்னொரு முறை மிதி.